பயந்தால் என்ன?

2012 செப்டம்பர் 3, திங்கட்கிழமை. இரவுச் சாப்பாட்டைச் சீக்கிரமே முடித்துவிட்டுத் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருந்தேன். அமெரிக்க ஓபன் டென்னிஸ் போட்டியின் நான்காவது சுற்றில் ரோஜர் ஃபெடரரும் அமெரிக்காவின் மார்டி ஃபிஷ்ஷும் மோத வேண்டிய நாள் அது. ஃபெடரர் யாரையாவது தோற்கடிப்பதைப் பார்க்க நான் கண்விழிப்பவன் இல்லை. ஃபிஷ்ஷுக்காகத்தான் உட்கார்ந்தேன். இரண்டாவது சுற்றில் டேவிடென்கோவிடம் முதல் இரண்டு செட்களையும் பறிகொடுத்துவிட்டு, அடுத்த மூன்றையும் வரிசையாக எடுத்து வென்றிருந்தார். சனிக்கிழமை இரவு ஜில் சிமோனை நான்கு செட்களில் முடித்திருந்தார். முப்பது வயதில், முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு, இதயத்தில் ஒரு சிகிச்சைக்கும் பிறகு இப்படி ஆடுகிற மனிதரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அன்றைக்கு ஃபெடரரை நிச்சயம் உலுக்கிவிடுவார் என்று அலுவலகத்தில் இரண்டு பேரிடம் சொல்லியும் வைத்திருந்தேன்.

ஆட்டம் நடக்கவில்லை. உடல்நிலை காரணமாக ஃபிஷ் விலகிவிட்டார், ஃபெடரர் ஆடாமலேயே கால் இறுதிக்குப் போகிறார் என்று திரையின் அடியில் எழுத்து ஓடியது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "ஃபெடரர் பெயரைக் கேட்டதும் பயந்துவிட்டான்" என்று வாய்விட்டுச் சொன்னேன். கூடத்தில் அப்பாவும் இருந்தார். வாசலை ஒட்டிப் போட்ட நாற்காலியில், செருப்பு காலுக்கு எட்டுகிற தூரத்தில், அந்த வருடம் முழுவதும் உட்கார்ந்திருந்தது போலவே உட்கார்ந்திருந்தார். டென்னிஸில் அவருக்குப் பெரிய ஈடுபாடு கிடையாது. புள்ளிக் கணக்கு ஏன் பதினைந்து, முப்பது என்று போகிறது என்று பலமுறை கேட்டு, பிறகு கேட்பதையே விட்டுவிட்டவர். திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் அவர் கேட்டார்: "பயந்தால் என்ன?"

நான் பதில் சொல்லவில்லை. அப்பா ஏதோ பேச்சுக்குக் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டு சேனலை மாற்றினேன். அந்தக் கேள்விக்கு அன்றைக்கே காது கொடுத்திருந்தால் எங்கள் வீட்டில் அடுத்த மூன்று வருடங்கள் வேறு மாதிரி கழிந்திருக்கும் என்ற எண்ணம் என்னை இன்றுவரை விடவில்லை.

மெலிந்து வந்த மனிதர்

மார்டி ஃபிஷ்ஷை டென்னிஸ் பார்க்கிறவர்களுக்கு நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. தந்தை புளோரிடாவில் டென்னிஸ் சொல்லிக்கொடுத்தவர். பள்ளி நாட்களில் ஆண்டி ரோடிக்கின் வீட்டில் தங்கி, அவரோடு ஒரே பள்ளியில் படித்து, ஒன்றாகப் பந்தடித்து வளர்ந்தவர். அந்த வீட்டிலிருந்து போன இரண்டு பையன்களில் ஒருவர் 2003இல் அமெரிக்க ஓபனை வென்று உலகின் முதல் இடத்துக்குப் போய்விட்டார். இன்னொருவர் ரொம்ப காலம் அந்த முதலாமவரின் நண்பராகவே அறியப்பட்டார். 2003இல் சின்சினாட்டி இறுதி ஆட்டத்தில் இருவரும் மோதியபோது முதல் செட்டை ஃபிஷ் எடுத்தார். மற்ற இரண்டையும் டைபிரேக்கில் ரோடிக் எடுத்தார். அடுத்த ஆண்டு ஏதென்ஸ் ஒலிம்பிக் இறுதி ஆட்டத்தில் சிலியின் நிக்கோலாஸ் மாசூவிடம் இரண்டுக்கு ஒன்று என்று முன்னிலையில் இருந்துவிட்டு ஐந்து செட்களில் தோற்று வெள்ளியோடு திரும்பினார். 2008இல் இந்தியன் வெல்ஸ் அரை இறுதியில் ஃபெடரரை 6-3, 6-2 என்று வீழ்த்தினார். ஃபெடரர் பெயரைக் கேட்டுப் பயந்தவர் என்று நான் சொன்னேனே, அவர்தான் இதைச் செய்தவர். கோபத்தில் இதுவெல்லாம் ஞாபகத்துக்கு வருவதில்லை.

அவரது பேக்ஹேண்ட் அழகைப் பற்றித் தனியே எழுதலாம். சர்வீஸ் போட்டுவிட்டு வலைக்கு ஓடி வருவதில் அந்தத் தலைமுறையில் அவருக்கு நிகரானவர்கள் குறைவு. ஆனால் உடம்பு கனத்திருந்தது. நான்காவது செட்டில் மூச்சு வாங்கும். 2009 செப்டம்பரில் முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்தது. படுக்கையில் கிடந்த நாட்களில்தான், இனி இப்படியே போனால் இத்தோடு முடிந்தது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. சுமார் 14 கிலோ எடையைக் குறைத்தார். 2010இல் களத்துக்குத் திரும்பியவரை முதல் பார்வையில் எனக்கு அடையாளம் தெரியவில்லை. கன்னம் ஒட்டி, தாடை எலும்பு தெரிய, வேறு ஒருவர் வந்து நிற்பது போல இருந்தது. அந்த ஆண்டு நியூபோர்ட்டில் வென்றார். கொளுத்தும் வெயிலில் அட்லாண்டாவில் வென்றார். சின்சினாட்டியில் அரை இறுதியில் ரோடிக்கைத் தோற்கடித்து, இறுதி ஆட்டத்தில் ஃபெடரரிடம் மூன்று செட்கள் மல்லாடினார். 2011 ஏப்ரலில் உலகின் முதல் பத்துப் பேரில் ஒருவர். அமெரிக்காவின் முதல் நிலை வீரர் என்ற இடமும் ரோடிக்கிடமிருந்து அவருக்கு வந்தது. அந்த விம்பிள்டனில் கால் இறுதி. ஆகஸ்ட்டில் ஏழாவது இடம். சின்சினாட்டியில் நடாலை நேர் செட்களில் வென்றார். ஆண்டு முடிவில் எட்டே பேர் ஆடும் லண்டன் போட்டிக்கும் தகுதி பெற்றார்.

அந்த இரண்டு ஆண்டுகளில் எனக்கு மிகவும் பிடித்தது இந்தப் பெரிய வெற்றிகள் எதுவும் இல்லை. 2010 செப்டம்பரில் கொலம்பியாவின் பொகோடாவில், நாடுகள் மோதும் டேவிஸ் கோப்பையில் நடந்த ஆட்டம். கடல் மட்டத்துக்கு 2,600 மீட்டர் உயரத்தில் களிமண் தளம், எதிரே உள்ளூர்க்காரர் சாந்தியாகோ ஹிரால்டோ, கத்தித் தீர்க்கும் கூட்டம். ஐந்தாவது செட்டை 8-6 என்று எடுத்தார் ஃபிஷ். அந்த உயரத்தில் பந்து கையை மீறிப் பறக்கும், மூச்சு பாதியிலேயே நின்றுவிடும் என்பார்கள். இரண்டு வருடங்களுக்கு முன்னால் இருந்த ஃபிஷ்ஷால் அந்த ஐந்தாவது செட்டுக்குள் காலெடுத்து வைத்திருக்கவே முடியாது. 2012 பிப்ரவரியில் ஸ்விட்சர்லாந்தின் ஃப்ரிபூர்கில் வாவ்ரிங்காவை ஐந்தாவது செட்டில் 9-7 என்று வென்றதும் அதே கால்கள்தான். மனத்திடத்துக்கு எடுத்துக்காட்டு கேட்டால் அப்போது நான் இவர் பெயரைத்தான் சொல்லியிருப்பேன். அதனால்தான் செப்டம்பரில் எனக்கு அவ்வளவு கோபம் வந்தது. ஏமாற்றிவிட்டார் என்று பட்டது.

தாழ்ப்பாள்

இங்கே என் அப்பாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவர் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். புயல் ஓய்ந்த மறுநாள், ஊரே கதவைச் சாத்திக்கொண்டு கிடக்கையில், ஈரம் சொட்டும் கம்பத்தில் இடுப்புக் கயிற்றோடு ஏறி நின்றவர். சிறு வயதில் அவர் வேலை செய்யும் இடத்துக்கு ஒரு முறை போயிருக்கிறேன். கீழே இருந்து அண்ணாந்து பார்த்தால் அப்பாவின் காலடி மட்டும்தான் தெரிந்தது. மேலே இருந்தபடி யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். என் அப்பாவுக்குப் பயம் என்றால் என்னவென்றே தெரியாது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித் திரிந்திருக்கிறேன்.

2011 கடைசியில் அவருக்கு நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். எல்லாம் நல்லபடியாக முடிந்தது. மூன்றாம் மாதப் பரிசோதனையில் இதயம் நன்றாக வேலை செய்கிறது, வழக்கமான வேலைகளைச் செய்யலாம் என்று மருத்துவர் சொன்னார். அப்பா செய்யவில்லை. தனியாக பஸ் ஏறமாட்டார். மொட்டை மாடிக்குப் போகமாட்டார். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்து மணிக்கட்டைப் பிடித்து நாடியை எண்ணிக்கொண்டிருப்பார். குளிக்கப் போனால் கதவுக்குத் தாழ்ப்பாள் போடமாட்டார். வெறுமனே சாத்திக்கொள்வார், அம்மா வெளியே நின்றிருப்பார். அது எனக்கு எப்படித் தெரிந்தது என்றால், ஒரு நாள் நான் அந்தத் தாழ்ப்பாளைப் போட முயன்றபோது அது அசையவில்லை. பித்தளைக் குமிழில் பச்சை ஏறி, கம்பி அதன் துளைக்குள்ளேயே இறுகிப் போயிருந்தது. நான் வேறு ஊரில் வேலை பார்த்துவிட்டு அந்தக் கோடையில்தான் மாற்றலாகி வந்திருந்தேன். அத்தனை மாதங்களாக அந்தக் குளியலறையை ஒருவரும் உள்ளிருந்து பூட்டவே இல்லை. அப்பாவுக்காக அம்மாவும் அதைத் தொடாமல் விட்டிருக்கிறார். நான் தேங்காய் எண்ணெய் விட்டு, கட்டிங் பிளேயரால் தட்டித் தட்டி அதைச் சரிசெய்தேன். சரிசெய்ததைப் பெருமையாக அப்பாவிடம் சொல்லவும் செய்தேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

"ஒன்றும் இல்லை அப்பா, டாக்டரே சொல்லிவிட்டார்" என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை. இந்த "ஒன்றும் இல்லை" நம் எல்லோர் வாயிலும் தயாராக இருக்கிறது. அடிபட்ட குழந்தைக்கு, அழுகிற பெண்ணுக்கு, ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடப்பவருக்கு என எவருக்கும் இதைத்தான் சொல்கிறோம். நல்ல மனதோடுதான் சொல்கிறோம். கேட்கிறவருக்கோ, தன்னிடம் இருப்பதை இல்லை என்று சொல்லிவிட்டார்கள், இனி இதைப் பற்றி வாய் திறக்க முடியாது என்று ஆகிவிடுகிறது.

காருக்குள்

2015 செப்டம்பரில், அமெரிக்க ஓபன் நடந்துகொண்டிருந்த நாட்களில், ஃபிஷ் தன் கதையைத் தானே எழுதினார். அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அதைப் படிக்கத் தொடங்கினேன். டப்பாவைத் திறக்கவே இல்லை.

2012 மார்ச்சில் மயாமியில் கால் இறுதியில் ஹுவான் மொனாக்கோவிடம் தோற்ற இரவு, அவர் தூக்கத்திலிருந்து எழுந்தபோது நெஞ்சு கட்டுக்கடங்காமல் அடித்துக்கொண்டிருந்தது. இதயத்தின் துடிப்பைச் சீராக்கும் மின்னோட்டத்தில் கோளாறு என்று கண்டுபிடித்தார்கள். மே மாதம் லாஸ் ஏஞ்சலிஸில் சிகிச்சை. ரத்தக்குழாய் வழியே மெல்லிய குழாயை இதயம் வரை செலுத்தி, தவறான துடிப்பைக் கிளப்பும் இடத்தை மட்டும் சுட்டுப் பொசுக்கிவிடுவார்கள். சிகிச்சை வெற்றி. விம்பிள்டனுக்குத் திரும்பி நான்காவது சுற்று வரை ஆடினார். வெளியில் இருந்து பார்த்தவர்களுக்கு அத்துடன் கதை சரியாகிவிட்டது. அவருக்கோ இதயம் சரியான பிறகு பயம் நின்றுபோகவில்லை. மறுபடி வந்துவிடுமோ என்ற எண்ணம் முதலில் எப்போதாவது, பிறகு அடிக்கடி, பிறகு ஓயாமல் என்று வளர்ந்தது. தனியாக இருக்க முடியவில்லை. ராத்திரி தூங்க முடியவில்லை. மனைவி ஸ்டேசி பக்கத்தில் இல்லாமல் எங்கும் போக முடியவில்லை. அந்த வரியில்தான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். குளியலறைக்கு வெளியே புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு நின்ற அம்மாவை நினைத்துக்கொண்டேன்.

அந்த நாட்களில் அவருக்கு மிச்சமிருந்த ஒரே இடம் டென்னிஸ் தளம். கோடு கிழித்த அந்தச் செவ்வகத்துக்குள் பயம் வந்ததில்லை. அங்கே செய்வதற்கு வேலை இருந்தது. அடுத்த பந்து, அதற்கடுத்த பந்து. சிமோனுடன் ஆடிய அந்தச் சனிக்கிழமை இரவு, உலகிலேயே பெரிய டென்னிஸ் அரங்கமான ஆர்தர் ஆஷில், அதுவும் போய்விட்டது. ஆட்டம் நீண்டு நேரமாகிக்கொண்டே போனது. இப்போதே இவ்வளவு நேரமாகிவிட்டது, இனி எப்போது தூங்குவது, தூங்காமல் எப்படி அடுத்த ஆட்டம் ஆடுவது என்று ஓர் எண்ணம் உள்ளே நுழைந்தது. அவ்வளவுதான், கதவு திறந்துகொண்டது. ஆயிரக்கணக்கான பேர் பார்த்துக்கொண்டிருக்க, தளத்தின் நடுவிலேயே பீதி அவரைப் பிடித்துக்கொண்டது. அந்த நிலையிலேயே ஆடி, அந்த ஆட்டத்தை வென்றும்விட்டார். எப்படி வென்றார் என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை. அந்த ஆட்டத்தின் பதிவை இதற்காகவே தேடி எடுத்துப் பார்த்தேன். சர்வீஸ் போடுவதற்கு முன் பந்தைத் தட்டுகிறார், துண்டால் முகத்தைத் துடைக்கிறார், மறுபடி பந்தைத் தட்டுகிறார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. தெரியக்கூடாது என்றுதானே அவருக்கு வாழ்நாள் முழுவதும் கற்றுக்கொடுத்திருந்தார்கள். களைப்பைக் காட்டாதே, வலியைக் காட்டாதே, எதிராளிக்கு எதையும் தெரியவிடாதே என்பதுதான் அந்தத் தொழிலின் பாலபாடம்.

திங்கட்கிழமை மைதானத்துக்குப் போகும் காரில் அவர் உடைந்துபோனார். எதிரே ஃபெடரர், தான் பிறந்த நாட்டின் மிகப் பெரிய போட்டி, காத்திருக்கும் கூட்டம். பிள்ளைப் பருவத்திலிருந்து எதற்காக ஓடினாரோ அது சில கிலோமீட்டர் தூரத்தில் இருந்தது. கண்ணீரோடு உட்கார்ந்திருந்தவரிடம் ஸ்டேசிதான் சொன்னார், நீங்கள் ஆடித்தான் ஆக வேண்டும் என்று இல்லை. ஆடாமல் இருப்பது என்று ஒரு வழி இருப்பதே அதுவரை ஃபிஷ்ஷுக்குத் தோன்றவில்லை. கேட்டதும் முதலில் அவருக்கு அதை ஏற்கவே முடியவில்லை. ஆனால் அந்தச் சொல் காதில் விழுந்த கணத்திலேயே உள்ளே ஏதோ இறங்கியதையும் உணர்ந்தார்.

படித்ததில் இந்த இடத்தைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். அவரைச் சுற்றிப் பயிற்சியாளர்கள் இருந்தார்கள், மருத்துவர்கள் இருந்தார்கள். எப்படியாவது அவரைத் தளத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் அவர்களுடைய வேலை. அதில் தவறு சொல்ல முடியாது. ஆட வேண்டியதில்லை என்று சொல்ல அந்த ஒருவருக்குத்தான் தோன்றியது. "உங்களால் முடியும்" என்று அவர் சொல்லியிருக்கலாம். "ஒன்றும் இல்லை" என்று சொல்லியிருக்கலாம். நான் அந்தக் காரில் இருந்திருந்தால் இரண்டையும் சொல்லியிருப்பேன். சொல்லி, அவரைக் கீழே இறக்கி, பையைத் தோளில் மாட்டி அனுப்பியிருப்பேன்.

அதே வாரத்தில் இன்னொன்றும் நடந்தது. ஆகஸ்ட் 30, தன் முப்பதாவது பிறந்தநாளில், இதுவே தன் கடைசிப் போட்டி என்று ரோடிக் அறிவித்தார். செப்டம்பர் 5 அன்று தெல் போத்ரோவிடம் தோற்றபோது அரங்கமே எழுந்து நின்று கைதட்டி வழியனுப்பியது. நானும் கண்கலங்கினேன். ஒரே வீட்டில் வளர்ந்த இருவர், ஒரே ஊரில், ஒரே வாரத்தில் விடைபெற்றிருக்கிறார்கள். ஒருவருக்கு மைக்கைக் கையில் கொடுத்துப் பேசச் சொன்னார்கள். இன்னொருவர் காரைத் திருப்பச் சொல்லிவிட்டு, லாஸ் ஏஞ்சலிஸ் வீட்டுக்குள் போய் மாதக்கணக்கில் வெளியே வராமல் இருந்தார். முழங்கால் வீங்கி விலகியிருந்தால் அவருக்கும் ஒரு கைதட்டல் கிடைத்திருக்கும் என்று நினைக்கிறேன். முழங்கால் வீக்கத்தை நாம் நம்புகிறோம். ஸ்கேன் படம் இருக்கிறது, கட்டு இருக்கிறது, ஊன்றுகோல் இருக்கிறது. நெஞ்சுக்குள் இருப்பதை எந்தப் படத்தில் காட்டுவது?

விலகியதால் அவர் இழந்தது கொஞ்சமில்லை. அந்த அமெரிக்க ஓபனில் ஃபெடரர் வெல்ல முடியாதவராக இருக்கவில்லை. அடுத்த ஆட்டத்திலேயே பெர்டிச்சிடம் தோற்றுப் போனார். 2013இல் ஃபிஷ் சில போட்டிகளில் ஆடிப் பார்த்தார், தொடர முடியவில்லை. பிறகு ஓராண்டுக்கும் மேல் டென்னிஸே இல்லை. அவர் வாழ்நாளில் வென்றது ஆறு ஒற்றையர் பட்டங்கள். பெரிய போட்டிகள் எதிலும் கால் இறுதியைத் தாண்டியதில்லை. புள்ளிவிவரம் எழுதுகிறவர்களுக்கு இது இரண்டு வரிச் செய்தி. எனக்கோ அந்தக் காலத்து வீரர்களில் இவரைப் பற்றி யோசித்த அளவுக்கு வேறு யாரைப் பற்றியும் யோசித்ததில்லை. 2010லும் 2011லும் அவரை மேலே கொண்டுபோனதே அவரைக் கீழே தள்ளியதோ என்றுகூடத் தோன்றும். ஒவ்வொரு வாய்ச் சோற்றையும் கணக்குப் பார்த்து, ஒவ்வொரு மணி நேரத்தையும் கணக்குப் பார்த்து, இதற்குமேல் இன்னும், இதற்குமேல் இன்னும் என்று தன்னையே விரட்டியவர். உயரே போகப்போக நிம்மதி குறைந்தது என்று அவரே எழுதியிருக்கிறார். எழுபதாவது இடத்தில் இருந்தவருக்கு ஏழாவது இடம் போதவில்லை. உடம்பைக் கசக்கிப் பிழிந்து மேலே வருகிறவர்களை நாம் கொண்டாடுகிறோம். அந்தக் கசக்கலில் உள்ளே என்ன ஆகிறது என்று கேட்பதில்லை. நானும்தான் கேட்கவில்லை. பொகோடாவில் அவர் மூச்சிரைக்க நின்றதைப் பார்த்துக் கைதட்டியவன் நான்.

லைன் கிளியர்

அன்று மாலை வீட்டுக்குப் போனதும் அப்பாவிடம் இதைச் சொன்னேன். மூன்று வருடங்களுக்கு முன் டிவியில் ஓர் ஆட்டம் நடக்காமல் போனதே, ஞாபகம் இருக்கிறதா என்று ஆரம்பித்தேன். அவருக்கு ஆட்டம் ஞாபகம் இல்லை. நான் சொன்னது ஞாபகம் இருந்தது. "பயந்துவிட்டான் என்று சொன்னாய்" என்றார். வேறு எதுவும் சேர்க்கவில்லை. காரில் நடந்ததைச் சொன்னேன். நெஞ்சு சரியான பிறகும் தூங்க முடியாமல் கிடந்ததைச் சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு, நான் எதிர்பார்க்காத வகையில், கம்பத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினார்.

வேலையில் சேர்ந்த புதிதில் அவர் கற்றுக்கொண்ட முதல் விதி, லைன் கிளியர் வாங்காமல் கம்பியில் கை வைக்கக்கூடாது என்பது. மின்சாரம் நிறுத்தப்பட்டது என்று உரியவரிடமிருந்து உறுதி வர வேண்டும். ஒரு முறை, திருவிழா நாள், ஊர் இருட்டில் கிடக்கிறது, கீழே நிற்கும் கூட்டம் சத்தம் போடுகிறது, உறுதி மட்டும் வரவில்லை. அப்பா ஏற மறுத்து நின்றார். பொண்டாட்டி பிள்ளையை நினைத்துப் பயப்படுகிறான் என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னாராம். "ஆமாம் என்று சொன்னேன். பயம்தான். பயமில்லாமல் ஏறினவன் எல்லாம் போட்டோவில் மாலையோடு இருக்கிறான்" என்றார் அப்பா. கொஞ்ச நேரம் கழித்து, இன்னும் தாழ்ந்த குரலில், "கம்பத்தில் நிற்கும்போது கை எங்கே, கால் எங்கே என்றுதான் நினைப்பு இருக்கும். நெஞ்சு என்று ஒன்று இருப்பதே அதுவரை எனக்குத் தெரியாது. அந்த ஆஸ்பத்திரிக்குப் பிறகு அது அடிப்பது கேட்டுக்கொண்டே இருக்கிறது. நீ ஒன்றும் இல்லை, ஒன்றும் இல்லை என்றாய். எனக்குக் கேட்டதே" என்றார்.

அந்த மாதமே அவரை ஒரு மனநல மருத்துவரிடம் அழைத்துப் போனோம். அம்மா வற்புறுத்தி மூன்று வருடங்களுக்கு முன்பே கேட்டது அது. நான்தான் அப்போது தேவையில்லை, தைரியமாக இருந்தால் போதும் என்று சொல்லியிருந்தேன். மாத்திரையும் பேச்சும் கொஞ்சம் கொஞ்சமாக உதவின. எவ்வளவு உதவின என்பதெல்லாம் அப்பாவின் சொந்த விஷயம், இங்கே வேண்டாம்.

ஃபிஷ்ஷுக்கும் மருந்தும் சிகிச்சையும்தான் வழிவிட்டன. 2019இல் ஜிம் கூரியருக்குப் பிறகு அமெரிக்க டேவிஸ் கோப்பை அணியின் கேப்டன் ஆனார். 2021இல் ஜப்பானின் நவோமி ஒசாகா மனநலத்தைக் காரணமாகச் சொல்லி பிரெஞ்சு ஓபனிலிருந்து விலகியபோது பலருக்கும் இவர் ஞாபகம் வந்தது. ஒசாகாவையும் பயந்துவிட்டாள் என்று சொன்னவர்கள் இருந்தார்கள். அவர்களோடு நான் சண்டை போட்டேன், ஊர் பெயர் தெரியாதவர்களோடுகூட. 2012இல் நான் "ஆன்" விகுதி போட்டுப் பேசிய மனிதரை அவர், இவர் என்று எழுதிப் பழகிக்கொண்டதும் அதற்குள்தான்.

கடைசியாக ஒன்று. 2015இல் அவர் தன் கதையை எழுதியதோடு நிற்கவில்லை. 2012இல் எங்கே நின்றாரோ அந்தப் போட்டியிலேயே முடித்துக்கொள்வது என்று திரும்பி வந்து ஆடினார். முதல் சுற்றில் இத்தாலியின் மார்கோ செக்கினாட்டோவை வென்றார். இரண்டாவது சுற்றில் ஃபெலிசியானோ லோபஸ். அந்த ஆட்டத்தின் பதிவைக் கணினியில் போட்டு அப்பாவின் நாற்காலிக்கு முன்னால் ஸ்டூலில் வைத்தேன். புள்ளிக் கணக்கை மறுபடியும் விளக்கினேன். இரண்டு செட்களுக்கு ஒன்று என்று ஃபிஷ் முன்னிலை. நான்காவது செட்டில் 5-4. இந்த சர்வீஸைத் தக்கவைத்தால் வெற்றி. தக்கவைக்கவில்லை. அதன்பின் தசைப்பிடிப்பு வந்து கால் சொன்னபடி கேட்கவில்லை. பந்து வருகிறது, மனிதர் நகர முடியாமல் நிற்கிறார். ஆடுகிற ஒவ்வொரு புள்ளிக்கும் கூட்டம் கத்துகிறது.

கேமரா பார்வையாளர் பக்கம் திரும்பும்போதெல்லாம் அப்பா முன்னால் குனிந்து முகங்களைப் பார்த்தார். "அந்தப் பெண் எங்கே உட்கார்ந்திருக்கிறாள்?" என்று இரண்டு முறை கேட்டார். அம்மா சமையலறையிலிருந்து வந்து நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஐந்தாவது செட் 6-3 என்று லோபஸுக்குப் போனது. இருவரும் வலையருகே வந்து கை கொடுத்தார்கள்.

"தோற்றுவிட்டார்" என்றேன்.

"சரி, வீட்டுக்குப் போய்ச் சாப்பிடட்டும்" என்றார் அப்பா.